ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ்: ஒரே ஒரு லேபிளைப் பின்தொடர்வதென்றால் எதை?

பிரிட்டனில் பிறந்த வேகமான மின்னணு நடன இசையான ஜங்கிளில் புதிதாக ஆசை வந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எங்கிருந்து தொடங்குவது? பத்துப் பாட்டின் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். நான் பாட்டின் பெயரைச் சொல்வதில்லை, இசையை வெளியிடும் லேபிளின் பெயரைச் சொல்கிறேன். இந்த இசையில் அதுதான் நின்று உதவும். ஒரே தயாரிப்பாளர் இரண்டு மூன்று பெயர்களில் வெளியிடுவார். பெரும்பாலான தடங்களில் பாடகர் கிடையாது, வீடியோ கிடையாது, முகம் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் வந்து குவிவதை எல்லாம் ஒருவரே உட்கார்ந்து சலித்து எடுக்க முடியாது. ஒரு லேபிளை நடத்துகிறவரின் காதை நம்பி, இந்த மாதம் அவர் எதை வெளியே விடுகிறார் என்று கவனிப்பதுதான் லண்டனிலும் பிரிஸ்டலிலும் முப்பது வருடங்களாக ரசிகர்கள் செய்துவருவது.

ஆகவே கேள்வியை இப்படி வைத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்க ஒருவர் தயார். ஒரு வருடத்துக்கு ஒரு சுயாதீன லேபிளின் புது வெளியீடுகளை விடாமல் கேட்கப்போகிறார். எதை எடுப்பது? என் கணக்கில் ஐந்து பெயர்கள் வருகின்றன: ஹாஸ்பிடல், மெட்டல்ஹெட்ஸ், வி ரெக்கார்டிங்ஸ், ஹூவர்சவுண்ட், ஃபியூச்சர் ரெட்ரோ லண்டன். ஐந்துமே பிரிட்டன்தான். இந்த இசை பிறந்ததும் இன்றுவரை அதன் மையம் இருப்பதும் அங்கேதான். கடைசிப் பெயரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் மற்ற நான்கில் ஒன்று உங்களுக்கு இன்னும் பொருந்தலாம் என்பதால் ஏன், எதற்காக என்று விரிவாகவே சொல்கிறேன்.

டிரம்ஸை எப்படிக் கேட்பது

லேபிள்களை ஒப்பிடுமுன் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பது தெரிய வேண்டும். எனக்கு முதல் அளவுகோல் டிரம்ஸ்.

1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க சோல் குழு 'ஏமென், பிரதர்' என்ற வாத்திய இசையை ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டது. நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, கிரிகரி கோல்மன் மட்டும் நான்கு பார் (தாளச் சுற்று) வாசிப்பார். ஏறத்தாழ ஏழு நொடி. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து இளைஞர்கள் அந்த ஏழு நொடியை ஒலித்துண்டைப் பதிந்து மாற்றி வாசிக்கும் கருவியான அகாய் சாம்ப்ளரில் ஏற்றி, கிக், ஸ்னேர், சிம்பல் என்று துண்டு துண்டாக நறுக்கி, வேகத்தைக் கூட்டி, வரிசையை மாற்றிக் கோத்தார்கள். நிமிடத்துக்கு 160, 170 பீட் வேகம். அதன் அடியில் ஜமைக்கா டப் ரெகேயிலிருந்து வந்த பேஸ், பாதி வேகத்தில், அசைந்து அசைந்து நடக்கும். தவில் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: கீழ்காலமும் மேல்காலமும் ஒன்றன்பின் ஒன்றாக வராமல் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. காதை டிரம்ஸில் வைத்தால் ஓட்டம், பேஸில் வைத்தால் நடை. ஒரே தடத்தை இரண்டு விதமாகக் கேட்கலாம், இரண்டு விதமாக ஆடலாம். ஜங்கிளின் இன்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆயிரக்கணக்கான தடங்களுக்கு முதுகெலும்பாக இருந்த அந்த ஏழு நொடிக்காகக் கோல்மனுக்கு ஒரு காசும் வரவில்லை. 2006-இல் வறுமையில் இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் ரசிகர்கள் இணையத்தில் நிதி திரட்டி 24,000 பவுண்டு கொடுத்தார்கள். ஸ்பென்சரும் 2020-இல் காலமாகிவிட்டார். காசு யாருக்குப் போகிறது என்ற கேள்வியை இந்த இசையில் ஒதுக்கிவைக்க முடியாது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். என் இரண்டாவது அளவுகோலும் அதுதான்.

1995 வாக்கில் ஒரு திருப்பம் நடந்தது. நறுக்கிய பிரேக்குகளின் (டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இப்படிப்பட்ட துண்டுகளின்) இடத்தில் கிக்கும் ஸ்னேரும் மாறி மாறி விழும் எளிய அடி வந்தது. அலெக்ஸ் ரீஸ் மெட்டல்ஹெட்ஸில் வெளியிட்ட 'பல்ப் ஃபிக்‌ஷன்' அதற்கு வழி திறந்த தடங்களில் ஒன்று. அந்த எளிமையின் மேல் வளர்ந்ததைத்தான் இன்று பொதுவாக டிரம் அண்ட் பேஸ் என்கிறோம். எல்லை கறாரானது அல்ல. ஒரே லேபிளில் இரண்டும் வரும். ஆனாலும் பிரேக் நறுக்கலில் மயங்குகிறவர் ஒரு பக்கம் போவார், சீரான ஓட்டத்தின் மேல் மெட்டும் குரலும் தேடுகிறவர் மறுபக்கம் போவார். நீங்கள் எந்தப் பக்கம் என்பது தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

சுயாதீனம் எதற்கு

பெரிய நிறுவனங்கள் இந்த இசையைக் கெடுத்துவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். மெட்டல்ஹெட்ஸ் கோல்டியின் 'டைம்லெஸ்' ஆல்பம் 1995-இல் வந்தது எஃப்எஃப்ஆர்ஆர் என்ற பெரிய நிறுவனக் கிளை வழியாக. அவருடைய சொந்த லேபிளில் அல்ல. அந்த ஆல்பத்தின் தலைப்புத் தடம் 21 நிமிடம் ஓடுகிறது. அப்படி ஒரு படைப்புக்கு ஸ்டூடியோ நேரம் வாங்கப் பெரிய இடத்துப் பணம் வேண்டியிருந்தது. ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் 'நியூ ஃபார்ம்ஸ்' ஆல்பத்துக்காக 1997-இல் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு வாங்கியபோதும் அது பெரிய நிறுவனக் கிளையான டாக்கிங் லவுடின் வெளியீடு. அண்மையில் நியா ஆர்க்கைவ்ஸின் 'சைலன்ஸ் இஸ் லவுட்' ஐலண்ட் என்ற பெரிய லேபிள் வழியாக வந்து 2024 மெர்க்குரி பட்டியலில் இடம்பிடித்தது. எல்லாமே நல்ல இசைதான்.

ஆனால் இவர்கள் எல்லோரும் கைபழகியது சிறிய லேபிள்களில். ஒரு தயாரிப்பாளருக்கு முதல் பன்னிரண்டு அங்குலத் தட்டை அச்சடித்துக் கொடுத்தது, கிளப் இரவில் வாசிக்க இடம் கொடுத்தது, தோற்றாலும் அடுத்த தட்டுக்குக் காசு போட்டது யார் என்று பார்த்தால் அங்கே ஒன்றிரண்டு பேர் நடத்தும் ஒரு லேபிள் இருக்கும். அந்த இடம் சுருங்கினால் பத்து வருடம் கழித்துப் பெரிய மேடைக்குப் போக ஆளிருக்காது. ஆண்டி சி-யும் ஆன்ட் மைல்ஸும் 1992-இல் தொடங்கிய ராம் ரெக்கார்ட்ஸ் 2016-இல் பெரிய நிறுவனமான பிஎம்ஜி-யின் குடைக்குள் போய்விட்டது. அதனால்தான், எனக்குப் பிடித்த தடங்கள் அங்கே நிறைய இருந்தும், இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

நாம் கொடுக்கும் காசு எப்படிப் பிரிகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு டிஜிட்டல் ஈபி (சில தடங்கள் கொண்ட சிறு தொகுப்பு) வாங்கினால் தளம் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றக் கட்டணம் போக மற்றது லேபிளுக்கு. ஸ்பாட்டிஃபையிலோ ஒரு தடம் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது ஓடாவிட்டால் 2024 முதல் அதற்குப் பங்கே கிடையாது. சில நூறு பேர் உயிரைக் கொடுத்துக் கேட்கும் ஒரு ஜங்கிள் தடத்துக்கு அந்த ஆயிரம் சின்ன வாசல் இல்லை.

ஹாஸ்பிடல்: எளிய நுழைவு

1996-இல் டோனி கோல்மனும் கிறிஸ் கோஸும் தொடங்கியது. கோல்மன் அதற்கு முன் ஆசிட் ஜாஸ் குழுவில் இருந்தவர். பின்னால் லண்டன் எலெக்ட்ரிசிட்டி என்ற பெயரில் அறியப்பட்டார். அந்த ஜாஸ் வாசனை லேபிள் முழுக்கப் பரவியிருக்கிறது: பியானோ, தந்தி வாத்தியங்கள், சோல் குரல். வேல்ஸ்காரரான ஹை கான்ட்ராஸ்ட் 2002-இல் வெளியிட்ட 'ட்ரூ கலர்ஸ்' இன்றும் கேட்கத் தகுந்தது. நியூடோன், லாஜிஸ்டிக்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் சகோதரர்கள், பெல்ஜியத்தின் நெட்ஸ்கை, ஜப்பானின் மகோட்டோ என்று இங்கே கலைஞர்களுக்குக் குறைவில்லை.

சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காது இந்த லேபிளில் அந்நியமாக உணராது. மெட்டு உண்டு, குரல் உண்டு, பாட்டுக்கு ஆரம்பமும் உச்சமும் முடிவும் உண்டு. வெளியீடு தட்டுப்படாத மாதமே கிடையாது. வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போதும் போட்டுக் கேட்கலாம் என்பதையும் நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

எனக்குள்ள தயக்கம் அளவு சார்ந்தது. இவ்வளவு அடிக்கடி வெளியிடும் இடத்தில் லேபிளின் காது என்ற அந்த வடிகட்டி தளர்ந்துவிடுகிறது. நல்லதைத் தேடும் வேலை மறுபடி நம் தலையில்தான் விழும். டிரம்ஸும் பெரும்பாலும் மெட்டுக்குப் பாய் விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மாதம் ஒன்றிரண்டு தடம் கேட்டால் போதும் என்பவருக்கு ஹாஸ்பிடல் சரி. ஒரு வருடம் முழுவதும் கவனமாகக் கேட்கப்போகிறவருக்கு இது மட்டும் போதாது.

மெட்டல்ஹெட்ஸ்: மரபும் அதன் சுமையும்

கோல்டியை இந்த இசைக்குள் இழுத்து வந்தவர் கெமிஸ்ட்ரி என்ற பெண் டிஜே. லண்டன் ஹெவன் கிளப்பில் ஃபேபியோவும் குரூவ்ரைடரும் நடத்திய 'ரேஜ்' இரவுகளுக்கு அவரை அழைத்துப் போனவர் அவர்தான். 1994-இல் கோல்டி, கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் மூவரும் சேர்ந்து மெட்டல்ஹெட்ஸைத் தொடங்கினார்கள். முகமாகக் கோல்டி தெரிந்தாலும் தொடக்க ஆண்டுகளில் லேபிளின் அன்றாட வேலையைச் சுமந்தது அந்த இரண்டு பெண்கள்தான். 1999-இல் கெமிஸ்ட்ரி சாலை விபத்தில் இறந்தார். லேபிளின் கதை கோல்டியின் கதையாக மட்டும் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தம் வரும்.

1995 முதல் ஹாக்ஸ்டன் ஸ்கொயரில் ப்ளூ நோட் கிளப்பில் ஞாயிறு இரவுகள் நடந்தன. வெள்ளியன்று முடித்த தடத்தை மியூசிக் ஹவுஸ் என்ற இடத்தில் அசிடேட் டப்பிளேட்டாக (கடைக்கு வருமுன் வாசித்துப் பார்க்கும் தனிப் பிரதித் தட்டாக) வெட்டி எடுத்து ஞாயிறன்று அங்கே வாசித்துப் பார்ப்பார்கள். கூட்டத்தில் நிற்பவர்களில் பலர் தாங்களும் தயாரிப்பாளர்கள். ஒருவர் டிரம்ஸில் புதிதாக ஏதாவது செய்துவிட்டால் அடுத்த வாரம் இன்னொருவர் அதற்குப் பதில் கொண்டுவருவார். ஃபோட்டெக், டில்லிஞ்சா, டாக் ஸ்காட், சோர்ஸ் டைரக்ட், ஜே மேஜிக் என்று அந்த ஆண்டுகளின் பட்டியலைப் பார்த்தால் இந்தப் போட்டி என்ன விளைவித்தது என்பது புரியும்.

அதே ப்ளூ நோட்டில் திங்கள் இரவுகளில் தல்வின் சிங் 'அனோக்கா' நடத்தினார். தபலாவும் டிரம் அண்ட் பேஸும் ஒரே மேடையில். 1997-இல் அதே பெயரில் வந்த தொகுப்பில் ஏ. ஆர். ரகுமானின் 'பம்பாய்' படத் தீம் இசை 'மும்பை தீம் டியூன்' என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. சென்னையில் உருவான அந்தப் புல்லாங்குழல் மெட்டு ஹாக்ஸ்டன் வரை போயிருக்கிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இன்றைய மெட்டல்ஹெட்ஸை எடுப்பதில் இரண்டு நன்மைகள். முதலாவது தரம்: அங்கே வரும் ஒரு தடம் பல கைகளைக் கடந்து வந்திருக்கும், மோசமாக இருக்காது. இரண்டாவது பின்பக்கம் கிடக்கும் கிடங்கு. புதிதாக வரும் ஓர் ஈபி பிடித்தால் அதன் வேரைத் தேடி 1995 வரை ஒரே லேபிளுக்குள் நடந்து போகலாம். வழியில் 2007-இல் கமிக்ஸ் வெளியிட்ட 'கால் டு மைண்ட்' வரும். மெல்லிய டெக்னோச் சாயலும் சோல் இதயமும் கொண்ட அந்த ஆல்பத்தை டிரம் அண்ட் பேஸில் ஆல்பம் என்ற வடிவம் தேறாது என்பவர்களிடம் தாராளமாக நீட்டலாம். 2013-இல் லென்ஸ்மன் வெளியிட்ட 'லுக்கிங் அட் தி ஸ்டார்ஸ்' வரும்.

குறை என்ன? முப்பது வருடப் பெயர் ஒரு சுமைதான். புதிதாக வருகிறவர் அந்தப் பெயருக்கு ஏற்றாற்போல் தன் ஒலியைக் கறுப்பாக்கி, இறுக்கி, பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறார். துணிந்து தடுக்கி விழும் தடங்கள் அங்கே இப்போது அபூர்வம். 1995-இல் அந்த லேபிளை அந்த லேபிளாக்கியதே அப்படிப்பட்ட தடங்கள்தான். ஆழமும் வரலாறும் முதலில் வேண்டும் என்பவர் மெட்டல்ஹெட்ஸை எடுக்கட்டும். அவர் நிச்சயம் ஏமாறமாட்டார்.

வி, ஹூவர்சவுண்ட்

வி ரெக்கார்டிங்ஸை 1993-இல் தொடங்கியவர்கள் பிரையன் ஜீ, ஜம்பின் ஜாக் ஃப்ராஸ்ட். தெற்கு லண்டன்காரர்களான இவர்கள் பிரிஸ்டலிலிருந்து வந்த ரோனி சைஸ், கிரஸ்ட், டை ஆகியோரின் தடங்களை வெளியே கொண்டுவந்தார்கள். பின்னால் மெர்க்குரி வாங்கிய அந்தக் கூட்டத்தை முதலில் நம்பியது இந்த லேபிள். பிரிஸ்டலோடு நிற்கவும் இல்லை. பிரேசிலின் டிஜே மார்க்கி, எக்ஸ்ஆர்எஸ் இருவரும் ஒரு பழைய பிரேசில் பாட்டின் கிதாரை எடுத்துச் செய்த 'எல்கே' 2002-இல் வி வழியாக வந்து பிரிட்டிஷ் டாப் 20-க்குள் நுழைந்தது. சாவோ பாலோவுக்கும் லண்டனுக்கும் இடையே அப்போது திறந்த வழி இன்னும் மூடவில்லை.

வி-யின் சிறப்பு பேஸ். துள்ளும், உருளும், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டும் பேஸ். வீட்டு நாற்காலியில் கேட்பதைவிட ஆடும் இடத்தில் இதன் அருமை கூடுதல். ஐந்தில் எனக்கு இரண்டாம் இடம் இதற்குத்தான். ஹாஸ்பிடலின் மென்மைக்கும் மெட்டல்ஹெட்ஸின் இறுக்கத்துக்கும் நடுவில் சிரித்த முகத்தோடு நிற்கும் லேபிள். நண்பர்களைக் கூட்டி வைத்துப் போட ஏதாவது வேண்டும் என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

ஹூவர்சவுண்ட் இளையது. டிஜே ஷெரெல்லும் நைனாவும் 2020-இல் தொடங்கினார்கள். இங்கே ஜங்கிளோடு சிகாகோவின் நடன இசையான ஃபுட்வொர்க்கும் கலந்து வரும். ஃபுட்வொர்க்குக்கும் வேகம் 160-தான் என்பதால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் அடியின் இடம் வேறு, கால் தடுமாறும். ஷெரெல் வாசித்துக் கேட்டவர்களுக்கு அந்த ஆற்றல் தெரியும். வெளியீடுகள் அடிக்கடி வருவதில்லை. ஒரு வருடத் துணையாக நம்பியிருக்க அது போதாது. வரும்போது வாங்கிவிட வேண்டும், அவ்வளவே.

ஃபியூச்சர் ரெட்ரோ லண்டன்: ஏன் இதை

இந்த லேபிளை நடத்தும் டிம் ரீப்பர் லண்டன் தயாரிப்பாளர். 1994-இல் ஜங்கிள் உச்சத்தில் இருந்தபோது கிளப் வாசலில் நிற்கக்கூட வயது வராதவர். பழைய தட்டுகளையும் திருட்டு வானொலிப் பதிவுகளையும் கேட்டே அந்த இசையைக் கற்ற தலைமுறை அது. டிரம் அண்ட் பேஸ் வேறு திசையில் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில், கேட்பார் அதிகமில்லாத காலத்தில், இவரைப் போன்ற சிலர் பிரேக் நறுக்கும் வேலையைக் கைவிடாமல் இருந்தார்கள். அந்தப் பொறுமை இப்போது பலன் தருகிறது.

இந்த லேபிளின் அடையாளமாக அமைந்தது 'மீட்டிங் ஆஃப் தி மைண்ட்ஸ்' என்ற தொடர். ஒவ்வொரு தடத்திலும் டிம் ரீப்பர் வேறொரு தயாரிப்பாளரோடு சேர்ந்து வேலை செய்கிறார். யோசனை எளியதுதான், ஆனால் புதிதாகக் கேட்க வருகிறவருக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது. ஓர் ஆள் மாறாமல் இருக்க மற்ற ஆள் மாறிக்கொண்டே இருப்பதால், டிரம்ஸ் நறுக்குவதில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடு தானாகவே காதில் விழத்தொடங்கும். இவர் ஸ்னேரை முன்னால் தள்ளுகிறார், அவர் சிம்பலை இழுத்து நீட்டுகிறார், இன்னொருவர் ஏமென் பிரேக்கை அடையாளமே தெரியாமல் பொடித்துவிடுகிறார். கூடவே புதிய பெயர்களும் அறிமுகமாகின்றன. பிடித்தவரின் சொந்த லேபிளைத் தேடிப் போனால் அங்கிருந்து இன்னொரு கதவு திறக்கும். நெதர்லாந்தின் பிரேடாவில் கோகோ பிரைஸ் நடத்தும் மயோர், பிரிஸ்டலின் வெஸ்டர்ன் லோர் போன்ற லேபிள்கள் எல்லாம் இதே வட்டாரத்தில் இயங்குகிறவை.

இதெல்லாம் பழையதைத் திரும்பச் செய்வதுதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் பதில்: 1994-இல் சாம்ப்ளரின் நினைவகத்தில் சில நொடிகள்தான் அடங்கும். அந்த நெருக்கடிக்குள் அவர்கள் கண்டுபிடித்த முறைகள் பல, முழுதாகத் தோண்டி எடுக்கப்படுவதற்குள் உலகம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. மூன்று நான்கு வருடத்தில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கம் தீர்ந்துபோன சுரங்கம் ஆகாது. இன்று கணினியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு தடத்தின் ஐந்து நிமிடத்திலும் ஒரே டிரம் வரிசை இரண்டு முறை வராதபடி கோக்க முடியும். இந்த லேபிளின் நல்ல தடங்களில் அதைக் கேட்கலாம். பழைய சொற்களை வைத்து அந்தக் காலத்தில் எழுத நேரமில்லாத வாக்கியங்களை எழுதுகிறார்கள்.

2024-இல் டிம் ரீப்பரும் மெல்பர்ன்காரரான க்ளோக்கும் சேர்ந்து 'இன் ஃபுல் எஃபெக்ட்' ஆல்பத்தை ஹைப்பர்டப்பில் வெளியிட்டார்கள். கோட்9 என்ற தயாரிப்பாளர் 2004-இல் தொடங்கிய ஹைப்பர்டப், பரியல் போன்றவர்களை உலகுக்குக் கொடுத்த லேபிள். அது ஒரு முழுநீள ஜங்கிள் ஆல்பத்துக்கு இடம் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை. ஃபியூச்சர் ரெட்ரோவின் ஈபிகளை எடுக்குமுன் ஆழம் பார்க்க விரும்புகிறவர் இந்த ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். இது பிடிக்காவிட்டால் லேபிளும் பிடிக்காது.

குறைகளும் உண்டு. மெட்டு தேடுகிறவருக்கு இங்கே கொஞ்சம்தான் கிடைக்கும். குரல் வந்தாலும் நறுக்கிய துண்டாகத்தான் வரும். அவசரமாக ஓடவிட்டுக் கேட்டால் எல்லாத் தடமும் ஒன்றுபோல் தோன்றும். வேறு வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் ஓட விடுகிறவருக்கு இது உதவாது. உட்கார்ந்து கேட்கும் நேரத்தை இந்த லேபிள் கேட்கும்.

புதியது எதற்கு, அசல் பழையதையே வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டிஜே ஹார்மனி நடத்தும் டீப் ஜங்கிள் லேபிள், 1990-களில் டப்பிளேட்டாக மட்டும் சுற்றிய, கடைக்கே வராத தடங்களை டேட் என்ற டிஜிட்டல் ஒலிநாடாக்களிலிருந்து எடுத்து வெளியிடுகிறது. முப்பது வருடம் பரண்மேல் கிடந்த நாடாவை எடுத்து, உழைத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் காசும் பெயரும் போய்ச்சேரச் செய்வது பெரிய காரியம். ஆனால் வருடம் முழுக்க இதை மட்டும் கேட்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இன்று யார் என்ன செய்கிறார்கள் என்பது தெரியாமல் போய்விடும். ஆயிரம் ரூபாயில் எப்போதாவது ஒரு பங்கு இதற்குப் போகட்டும்.

தட்டா, கோப்பா

எந்த லேபிளை எடுத்தாலும் அடுத்த கேள்வி இது. பன்னிரண்டு அங்குலத் தட்டு இந்த இசையின் பிறப்பிட வடிவம். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு தடம் என்று வெட்டினால் பள்ளத்துக்கு நல்ல இடம் கிடைக்கும், பேஸும் தாராளமாகப் பதியும். கையில் எடுத்துப் பார்க்கும் சந்தோஷம் தனி. ஆனால் சிறிய லேபிள்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சடிக்கின்றன. தீர்ந்தால் மறுபடி அச்சடிப்பது உறுதியில்லை. பழைய தட்டுகள் கைமாறும் தளமான டிஸ்காக்ஸில் மறுவிற்பனை விலை கையைக் கடிக்கும், அந்தக் கூடுதல் காசில் லேபிளுக்குப் பங்கும் கிடையாது. பிரிட்டனுக்கு வெளியே இருப்பவருக்கு அஞ்சல் செலவு தட்டின் விலையையே எட்டிவிடும், சுங்கம் தனி. மாதம் ஆயிரம் ரூபாயில் இது நடக்காது.

எனவே என் பரிந்துரை பேண்ட்கேம்பில் டிஜிட்டல். நான்கு தடங்கள் கொண்ட ஓர் ஈபி பெரும்பாலும் நான்கைந்து பவுண்டுக்குள் கிடைக்கும். மாதம் ஒன்றோ இரண்டோ வாங்கலாம். ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் நாளை தளத்துக்கு என்ன ஆனாலும் நம் இசை நம்மிடம் இருக்கும். அந்தக் கவலை வீண் இல்லை: பேண்ட்கேம்ப் 2022-இல் எபிக் கேம்ஸுக்கும் 2023-இல் சாங்டிராடருக்கும் கைமாறியது, இரண்டாம் மாற்றத்தின்போது ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலை இழந்தார்கள். வாங்கியதும் இறக்கிவிடுங்கள், இன்னொரு வட்டில் நகல் வையுங்கள். 2020 மார்ச்சில் தொடங்கிய, 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அறிவிக்கப்படும் சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும். மாதக் காசை அந்த நாளுக்காகப் பிடித்து வைத்தால் லேபிளுக்குக் கூடுதலாகப் போகும். இந்திய வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும், இல்லையேல் கட்டணம் ஏறாது.

ஸ்ட்ரீமிங்கை ஆழம் பார்க்கப் பயன்படுத்தலாம். அங்கேயே நின்றுவிட்டால் நாம் விரும்பும் லேபிளுக்கு அடுத்த தட்டுக்கான காசு எங்கிருந்து வரும்?

கேட்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த இசையின் பேஸ் 40, 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். போன் ஸ்பீக்கரில் அது அறவே கேட்காது. மேலே டிரம்ஸ் மட்டும் தகரச் சத்தமாக விழும். ஜங்கிள் வெறும் இரைச்சல் என்று பலர் முடிவுகட்டியது போன் ஸ்பீக்கரில் கேட்டதால்தான் என்பது என் அனுமானம். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு நல்ல ஒயர் ஹெட்ஃபோன் வாங்க முதல் இரண்டு மாதக் காசையும் செலவழித்தாலும் தகும்.

மூன்றாம் மாதம் 'மீட்டிங் ஆஃப் தி மைண்ட்ஸ்' தொடரில் ஏதாவது ஒரு பகுதியை வாங்குங்கள். முதல்முறை டிரம்ஸை மட்டும் கேளுங்கள், அடுத்தமுறை பேஸை மட்டும். இரண்டு மூன்று ஈபி கடந்தும் டிரம்ஸ் களைப்பையே தருகிறது என்றால் வி ரெக்கார்டிங்ஸுக்கு மாறிவிடுங்கள். அதில் எந்தத் தோல்வியும் இல்லை, உங்கள் காது உருளும் பேஸின் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். களைப்புக்குப் பதிலாக, அந்த ஸ்னேர் ஏன் அங்கே விழுந்தது என்று திரும்ப ஓட்டிக் கேட்கத் தோன்றுகிறதா? அப்படியானால் மீதி வருடத்துக்கு ஃபியூச்சர் ரெட்ரோ லண்டனை விட்டு நகர வேண்டாம்.